காலதரும் துருத்தியும்: பழைய மசில் காரின் காற்றுவாய் பற்றிய விளக்கம்

பழந்தமிழில் சாளரத்திற்குக் 'காலதர்' என்று ஒரு பெயருண்டு. 'கால்' என்பது காற்று. 'அதர்' என்பது வழி. காற்று வந்து போகும் வழியே காலதர். கொல்லன் உலையில் உள்ள துருத்தியோ காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. வழிவிடுவதும் தள்ளுவதும் வெவ்வேறு செயல்கள். இவ்வேறுபாட்டை மறந்துவிட்டால் பொருளும் உழைப்பும் எவ்வாறு வீணாகும் என்பதைக் காட்ட, மாணவர் பலர் விரும்பிப் பேசும் ஒரு பொருளையே இவ்வுரைக்கு எடுத்துக்கொண்டோம். அது, பழைய மசில் கார்களின் எஞ்சின் மூடிமீது புடைத்து நிற்கும் காற்றுவாய்.

1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஓங்கியிருந்த ஒரு வகை மகிழுந்தே மசில் கார். நடுத்தர அளவுள்ள உடலில், எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சினை அமர்த்தியது அதன் இயல்பு. ஜொகூர் பாருவுக்கும் வேக மகிழுந்துகளுக்கும் உள்ள உறவு பழையது. 1940ஆம் ஆண்டிலேயே இந்நகரச் சாலைகளில் ஜொகூர் கிராண்ட் பிரிக்ஸ் பந்தயம் நடந்தது. பாசீர் கூடாங்கில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பந்தயத் தடத்தில் 1998ஆம் ஆண்டு மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் நடைபெற்றது. பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆர்வம் இங்கு இன்றும் உண்டு. அவ்வார்வம் கொண்டோர் மூடியை வெட்டிக் காற்றுவாய் பொருத்துமுன், அது செய்யும் வேலை எது என்று தெளிதல் வேண்டும்.

எஞ்சினின் பசி

எஞ்சின் பெட்ரோலை மட்டும் உண்டு வாழ்வதில்லை. ஒரு கிலோகிராம் பெட்ரோல் முறையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். ஃபோர்டு மஸ்டாங்கில் 1960களின் இறுதியில் பொருத்தப்பட்ட 428 கன அங்குல எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 7 லிட்டர். நான்கு வீச்சு எஞ்சின் இரு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கும். நிமிடத்திற்கு 5,000 சுற்றில், முழு அளவும் நிரம்பினால், அது 17,500 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். நிரம்புவதில் நேரும் குறைவைக் கழித்தாலும் நொடிக்குக் கால் கன மீட்டர் அளவு தேவைப்படும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் இழுப்பது கன அளவை. அதற்கு ஆற்றல் தருவதோ காற்றின் நிறை. ஒரே கன அளவில் குளிர்ந்த காற்று நிறை மிகுந்தும், வெம்மையான காற்று நிறை குறைந்தும் இருக்கும். 15 பாகை செல்சியஸில் ஒரு கன மீட்டர் உலர்ந்த காற்றின் நிறை ஏறத்தாழ 1.23 கிலோகிராம். ஜொகூர் பாருவின் பிற்பகல் வெப்பமாகிய 32 பாகையில் அது 1.16 கிலோகிராமாகக் குறையும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதமும் மிகுதி. ஈரப்பதம் 70 விழுக்காடாயின், அக்காற்றில் நூற்றில் மூன்று பங்குக்குமேல் நீராவியே இருக்கும். அந்த நீராவி எரிதலுக்கு உதவாது. ஆகவே குளிர்நாட்டில் பிறந்த எஞ்சின், நம் ஊரில் கால் வைத்தவுடனேயே தன் உணவில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது. இது காலநிலையின் செயல். எந்தக் காற்றுவாயாலும் இதனை மீட்க இயலாது.

மீட்கக்கூடிய இழப்பு வேறொன்று உண்டு. பழைய வண்டிகளில் காற்று வடிகட்டி எஞ்சினின் உச்சியில், மூடிக்கு அடியில் அமைந்திருக்கும். ரேடியேட்டரைக் கடந்து வந்த காற்றும் புகைபோக்கிக் குழாயின் வெம்மையும் அங்கே சூழ்ந்திருக்கும். அவ்வறையின் வெப்பம் 65 பாகை எனக் கொண்டால், காற்றின் நிறை கன மீட்டருக்கு 1.04 கிலோகிராமே. வெளியில் 32 பாகைக் காற்று இருக்க, எஞ்சின் பத்தில் ஒரு பங்கு மெலிந்த காற்றை உண்கிறது. வெம்மையான காற்று எஞ்சின் தட்டலுக்கும் இடம் தரும். பத்துக்கு ஒன்று என்பதற்கு மேற்பட்ட அழுத்த விகிதம் கொண்ட பழைய எஞ்சின்களுக்கு இது பெருங்கேடு. வெளிக்காற்றை நேரே வடிகட்டிக்குக் கொண்டுவருவதே காற்றுவாயின் முதற்பயன். உள்ளிழுக்கும் குழாய்களின் சூட்டில் இப்பயனின் ஒரு பகுதி குறையும். எனினும் எஞ்சியது சிறிதன்று.

துருத்தி என்னும் மயக்கம்

விற்பனையாளர்கள் இக்கருவிக்கு 'ராம் ஏர்' என்று பெயரிட்டனர். மோதித் தள்ளப்படும் காற்று என்பது அதன் பொருள். வண்டி ஓடும் வேகமே காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும் என்ற எண்ணத்தை அப்பெயர் விதைத்தது. அந்தத் தள்ளுதலின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால், ஓட்டத்தால் கிடைக்கும் அழுத்தம் வரும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உச்சவரம்பாகிய மணிக்கு 110 கிலோமீட்டரில் இது ஏறத்தாழ 55 மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கும் அழுத்தம். நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலமோ பத்து மீட்டருக்குமேல் உயர்ந்த நீரைத் தாங்க வல்லது. ஆகவே கிடைத்த மிகுதி இருநூற்றில் ஒரு பங்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 16 மில்லிமீட்டர் நீர். அறுநூற்றில் ஒரு பங்கு. பந்தயத் தடத்தில் 200 கிலோமீட்டர் வேகம் எட்டினாலும் நூற்றில் இரண்டு பங்கைத் தொடாது.

வெம்மையை விலக்குவதால் நூற்றுக்குப் பத்து வரை நிறை கூடலாம்; தள்ளுவதால் சாலை வேகத்தில் அரைப் பங்கே கூடும். காற்றுவாய் துருத்தியன்று, அது காலதர். இதனை உணர்ந்தவர் வாயின் தோற்றத்தைவிட, வெளிக்காற்று எஞ்சின் அறைக் காற்றோடு கலவாதபடி அடைப்பதிலேயே கருத்தைச் செலுத்துவார்.

வாய் அமையும் இடம்

ஓடும் வண்டியின் மூடிமீது எல்லா இடத்திலும் காற்றழுத்தம் ஒன்றாக இராது. முகப்பில் அழுத்தம் மிகுதி. மூடியின் நடுவே காற்று விரைந்து வழுக்கிச் செல்வதால் அழுத்தம் குறைவு. முன்கண்ணாடியின் அடியில் காற்று தடைப்பட்டுத் தேங்குவதால் அழுத்தம் மீண்டும் உயரும். மேலும், உலோகத்தை ஒட்டிச் செல்லும் காற்றுப் படலம் மந்தமாக நகரும். நெடுஞ்சாலை வேகத்தில், மூடியின் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அப்படலம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தடிப்பாக இருக்கும். ஆகவே முன்னோக்கிய வாய், அப்படலத்திற்கு மேலே உயர்ந்து நிற்றல் வேண்டும். தாழ்ந்து படுத்த வாய் மந்தக் காற்றையே பெறும்.

அக்கால நிறுவனங்கள் இதற்குப் பல விடைகள் கண்டன. 1969ஆம் ஆண்டு மஸ்டாங் மாக் 1 வண்டியில் ஃபோர்டு தந்த 'ஷேக்கர்' அமைப்பு எஞ்சினோடு இணைந்து, மூடியில் உள்ள துளை வழியே வெளியே எழுந்து நின்றது. எஞ்சின் அதிரும்போது அதுவும் அதிர்ந்ததால் அப்பெயர் பெற்றது. 1970ஆம் ஆண்டு செவ்ரலே செவல் வண்டியில் 'கவுல் இண்டக்‌ஷன்' என்னும் அமைப்பு, முன்கண்ணாடியின் அடியில் தேங்கும் காற்றை எடுத்தது. ஓட்டுநர் முடுக்கியை ஆழ மிதித்தால் மட்டுமே அதன் கதவு திறந்தது. ஆஸ்திரேலியாவில் 1970ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்.ஒய். ஜி.டி., நம் சாலைகளுக்கு ஏற்றவாறு வலப்பக்க ஓட்டுநர் இருக்கையுடன், எஞ்சினோடு இணைந்த காற்றுவாயைக் கொண்டிருந்தது.

இதே மாக் 1 வண்டி இன்னொரு பாடமும் தருகிறது. 'ஷேக்கர்' கேட்டு வாங்காதவர்க்கு அவ்வண்டியின் மூடிமீது இருந்தது வெறும் அலங்கார வாய். அதன் வழியே காற்று எஞ்சினுக்குச் செல்லவில்லை. வெளித்தோற்றத்தை மட்டும் கண்டு ஒன்றின் பயனைத் துணிதல் ஆகாது.

பொருத்தும் முறை

முதலாவதாக, வண்டியோடு வந்த பழைய மூடியை வெட்டுதல் கூடாது. வெட்டிய உலோகம் மீண்டும் பழைய நிலை பெறாது. அத்தகைய மூடி இங்கு எளிதில் கிடைப்பதும் இல்லை. வேறொரு மூடியையோ கண்ணாடியிழையால் செய்த மூடியையோ இப்பணிக்குக் கொள்ளலாம். மூடியின் அடியில் உள்ள வலுச்சட்டங்களை அறுக்காமல் துளையின் இடத்தைக் குறித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, வாயின் பரப்பு. நொடிக்குக் கால் கன மீட்டர் காற்றை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் தடையின்றிப் பெற, ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் திறப்பு போதும். அதனினும் மிகப் பெரிய வாய் பார்வையை மறைக்குமே தவிர எஞ்சினுக்கு உதவாது.

மூன்றாவதாக, அடைப்பு. காற்று வடிகட்டியைச் சுற்றி ஒரு தகட்டுத் தட்டு அமைத்து, அதன் விளிம்பில் தடித்த நுரை ரப்பர் வளையம் ஒட்ட வேண்டும். மூடியைச் சாத்தும்போது வளையம் எல்லாப் பக்கமும் சீராக அமுங்க வேண்டும். வளையத்தின்மீது சுண்ணத்தூள் தடவி மூடியைச் சாத்தித் திறந்தால், தூள் படாத இடமே இடைவெளி உள்ள இடம் என்று காட்டிவிடும். இவ்வளையம் இல்லையேல், வண்டி நிற்கும்போதும் மெல்ல ஓடும்போதும் எஞ்சின் அறைச் சூட்டையே வடிகட்டி மீண்டும் இழுக்கும்.

நான்காவதாக, மழை. நம் ஊர் மழை திடீரென்று கொட்டுவது. நீர் அமுங்காது, சிலிண்டருக்குள் மிகுதியாகப் புகுந்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டே வளையும். ஆகவே தட்டின் தாழ்ந்த இடத்தில் வடிகால் துளைகள் வேண்டும். வடிகட்டி தட்டின் அடியிலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும். வண்டி நிற்கும்போது வாயை மூட ஒரு மூடியும் வேண்டும்.

ஐந்தாவதாக, எரிகலவை. இதனை மறந்தோர் எஞ்சினையே இழக்க நேரும். கார்புரேட்டர் காற்றின் அடர்த்தி கூடும்போது பெட்ரோலை அதே விகிதத்தில் கூட்டித் தருவதில்லை. நிறை பத்து விழுக்காடு கூடினால் கலவை ஏறத்தாழ ஐந்து விழுக்காடு பெட்ரோல் குறைந்ததாகிவிடும். முழு வேகத்தில் அத்தகைய கலவை பிஸ்டனை உருக்கவும் வல்லது. ஆகவே காற்றுவாய் பொருத்திய பின் கலவையை அளந்து, தேவைப்படின் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றுதல் இன்றியமையாதது.

ஆறாவதாக, சட்டம். வண்டியின் கட்டமைப்பை மாற்றுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் ஒப்புதல் குறித்துக் கேட்டறிதல் முறை. ஓட்டுநரின் பார்வையை மறைக்கும் எதுவும், சட்டம் ஒருபுறமிருக்க, பிறர் உயிருக்கே ஊறு.

சோதித்து அறிதல்

பொருத்திய வாய் வேலை செய்கிறதா என்பதற்கு விலை மிகுந்த கருவி வேண்டா. வாயின் முன் ஒரு வெப்பமானி, வடிகட்டியின் அருகில் மற்றொன்று. சீரான வேகத்தில் சிறிது தொலைவு ஓடியபின் இரண்டும் சில பாகை வேறுபாட்டுக்குள் இருந்தால் அடைப்பு நன்று. வடிகட்டி அருகில் 50 பாகை காட்டினால், வாய் எவ்வளவு அழகாயினும் அது அணியே. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நெரிசலில் இதே சோதனையைச் செய்தால் வேறு முடிவு கிட்டும். அங்கே வண்டி நிற்க, மூடிக்கு மேலுள்ள காற்றும் முன்வண்டிகளின் வெப்பத்தால் சூடேறும். நகராத வண்டிக்குக் காலதர் பெரிதும் உதவாது.

தள்ளும் வலிமையையும் அளக்கலாம். ஒளி ஊடுருவும் குழாயைப் பகர வடிவில் வளைத்து, வண்ணம் கலந்த நீரைப் பாதியளவு ஊற்றி, ஒரு முனையை வாயினுள்ளும் மறுமுனையை வண்டியின் உள்ளேயும் வைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் வண்டியைச் செலுத்த, பின்னிருக்கையில் அமர்ந்த மாணவர் நீர்மட்ட வேறுபாட்டைக் குறிக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் காணும் அந்தச் சில மில்லிமீட்டரைப் பத்து மீட்டரோடு ஒப்பிட்டு வகுப்பில் கணக்கிடச் செய்தால், 'ராம் ஏர்' என்னும் பெயர் எவ்வளவு மிகைப்படக் கூறுகிறது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். பெயர் சொல்வதை அளந்து பார்த்து ஏற்கும் பழக்கத்திற்கு இச்சிறு குழாய் நல்ல தொடக்கமாகும் என்று நம்புகிறோம்.