மூன்று நாள் வசூலும் ஐந்தாண்டு உழைப்பும்

ஹொலிவூட்டின் அனிமேஷன் திரைப்படம் ஒன்று திரைக்கு வரும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவில் பொழுது சாய்வதற்கு முன்னதாகவே ஓர் இலக்கம் செய்தி நிறுவனங்களின் ஊடாக உலகெங்கும் பரவிவிடுகின்றது. அந்த இலக்கத்தை வைத்தே 'மாபெரும் வெற்றி' என்றும் 'படுதோல்வி' என்றும் தலைப்புகள் எழுதப்படுகின்றன. நூற்றுக்கணக்கான கலைஞர்கள் நான்கைந்து ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஒரு படைப்புக்கு மூன்று நாட்களிலேயே தீர்ப்பு வழங்கப்பட்டு விடுகின்றது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை வைத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கணித்துப் பழகிப்போன எமது சமூகத்துக்கு இத்தகைய அவசரத் தீர்ப்புகள் புதியவையல்ல. ஆயினும், அந்த இலக்கம் எவ்வாறு பிறக்கின்றது, அது எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லத் தவறுகின்றது என்பதை அறிந்து வைத்திருப்பது பயனுடையதாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 'ஆரம்ப வார இறுதி வசூல்' எனப்படுவது பொதுவாக அமெரிக்காவிலும் கனடாவிலும் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களில் விற்பனையான நுழைவுச்சீட்டுகளின் மொத்தப் பெறுமதியாகும். வியாழக்கிழமை மாலையில் நடைபெறும் முன்கூட்டிய காட்சிகளின் வருமானமும் வெள்ளிக்கிழமைக் கணக்கிலேயே சேர்க்கப்படுகின்றது. ஞாயிறன்று வெளியிடப்படும் தொகை உண்மையில் ஒரு மதிப்பீடு மாத்திரமே. அன்றைய காட்சிகள் முடிவடைவதற்கு முன்னரே அது அறிவிக்கப்படுவதால், சரியான கணக்கு திங்கட்கிழமையே வெளிவருகின்றது. இவை தவிர, விடுமுறைக் காலங்களில் படங்கள் புதன்கிழமையே வெளியிடப்பட்டு, ஐந்து நாள் வசூல் பெருமையுடன் பறைசாற்றப்படுவதும் உண்டு. 2023 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறை ஒட்டி வெளியான 'த சுப்பர் மாரியோ பிரதர்ஸ் மூவி' ஐந்து நாட்களில் 204 மில்லியன் டொலருக்கும் அதிகமாக ஈட்டியது. ஆனால் அதன் மூன்று நாள் வசூல் 146 மில்லியன் டொலரே. இரண்டு படங்களை ஒப்பிடும் செய்திகளை வாசிக்கும்போது மூன்று நாளா, ஐந்து நாளா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

ஆரம்ப நாட்களின் வசூலுக்கு இத்தகைய முக்கியத்துவம் எப்பொழுதும் இருந்ததில்லை. வோல்ட் டிஸ்னியின் முதலாவது முழுநீள அனிமேஷன் திரைப்படமான 'ஸ்னோ வைட்' 1937 டிசம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நாடளாவிய ரீதியில் அது வெளியானது 1938 பெப்ரவரியிலேயாகும். படங்கள் நகரம் நகரமாக நகர்ந்து, பார்த்தவர்களின் வாய்மொழியால் வளர்ந்த காலம் அது. 1975இல் 'ஜோஸ்' திரைப்படம் பாரிய தொலைக்காட்சி விளம்பரங்களுடன் நானூறுக்கு மேற்பட்ட திரையரங்குகளில் ஒரே நாளில் வெளியிடப்பட்டதிலிருந்து இந்த வழமை மாறத் தொடங்கியது. முழுவதும் கணினியால் உருவாக்கப்பட்ட முதலாவது முழுநீளத் திரைப்படமான 'டோய் ஸ்டோரி' 1995 நவம்பரில் 2,457 திரையரங்குகளில் வெளியாகி, முதல் வார இறுதியில் 29 மில்லியன் டொலரை ஈட்டியது. 2018 ஜூனில் 'இன்கிரெடிபிள்ஸ் 2' வெளியானபோது திரையரங்குகளின் எண்ணிக்கை 4,410 ஆகவும், வசூல் 182.7 மில்லியன் டொலராகவும் உயர்ந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில் நுழைவுச்சீட்டுக் கட்டணமும் பெருமளவு அதிகரித்திருந்ததை மறந்துவிடலாகாது. வசூல் ஆறு மடங்கானது என்பதால் பார்வையாளர்களும் ஆறு மடங்காகினர் என்று பொருள்படாது.

தயாரிப்பு நிறுவனங்கள் இந்த மூன்று நாட்களை உயிர்நாடியாகக் கருதுவதற்குக் காரணங்கள் உள. விளம்பரச் செலவின் பெரும்பகுதி படம் வெளியாவதற்கு முன்னரே செய்யப்பட்டு விடுகின்றது. வசூலாகும் பணத்தில் ஏறக்குறைய அரைவாசியைத் திரையரங்கு உரிமையாளர்கள் எடுத்துக்கொள்கின்றனர். ஆகவே 200 மில்லியன் டொலர் செலவில் தயாரிக்கப்பட்ட ஒரு படம், விளம்பரச் செலவைத் தவிர்த்துப் பார்த்தாலும், 400 மில்லியன் டொலர் வசூலித்தாலன்றி முதலை மீட்டெடுக்க இயலாது. இதற்கு மேலாக, விளையாட்டுப் பொருட்கள், பாடசாலைப் புத்தகப் பைகள், பூங்காக்களின் களியாட்டங்கள் என விரியும் ஒரு பெருவணிகம் அந்த முதல் வரவேற்பிலேயே தங்கியிருக்கின்றது. ஆரம்பம் பலவீனமாயின் திரையரங்குகளும் அடுத்த படத்துக்கு இடம்கொடுக்க விரைந்துவிடுகின்றன.

எனினும், குடும்பத்துடன் பார்க்கும் அனிமேஷன் படங்களுக்கென ஒரு தனி இயல்பு உண்டு. அதிரடிப் படங்களையும் திகில் படங்களையும் இளைஞர்கள் முதல் நாளிலேயே முண்டியடித்துப் பார்த்துவிடுகின்றனர். சிறு பிள்ளைகளுள்ள குடும்பமோ அவ்வாறு செய்வதில்லை. தந்தைக்கு ஓய்வு வேண்டும். தாய்க்கு நேரம் வேண்டும். நால்வருக்கான நுழைவுச்சீட்டுக்கும் சிற்றுண்டிக்கும் பணம் வேண்டும். பிள்ளை நள்ளிரவுக் காட்சிக்குச் செல்ல முடியாது. எனவே சனி, ஞாயிறு தினங்களின் பகற்காட்சிகளும் பாடசாலை விடுமுறையின் வாரநாட்களுமே இப்படங்களின் உண்மையான சந்தையாகின்றன. ஜூன் நடுப்பகுதியும் நவம்பர் இறுதியிலான நன்றிதெரிவிப்பு விடுமுறையும் இப்படங்களுக்காக முன்கூட்டியே ஒதுக்கப்படுவது இதனாலேயாகும்.

இதனால்தான் மொத்த வசூலை ஆரம்ப வார இறுதி வசூலால் வகுத்துப் பெறும் மடங்கு, ஆரம்ப வசூலைவிட அதிகம் பேசுகின்றது. 2007இல் 'ஷ்ரெக் த தேர்ட்' 121 மில்லியன் டொலருடன் அட்டகாசமாகத் தொடங்கிய போதிலும், வட அமெரிக்காவில் 322 மில்லியன் டொலருடன் ஓய்ந்தது. அதன் மடங்கு மூன்றைக்கூட எட்டவில்லை. 2013இல் 'ஃப்ரோசன்' நாடளாவிய வெளியீட்டின் முதல் வார இறுதியில் 67 மில்லியன் டொலரையே ஈட்டியது. ஆனால் மாதக்கணக்கில் ஓடி 400 மில்லியன் டொலரை எட்டியது. முன்னையதை எதிர்பார்ப்பு இழுத்துவந்தது. பின்னையதைப் பிள்ளைகளின் பாட்டும் பேச்சும் இழுத்துவந்தன.

இதனை உணர்த்தும் மிகச் சிறந்த உதாரணம் 2023 ஜூனில் வெளியான 'எலிமென்டல்' ஆகும். இதன் இயக்குநர் பீட்டர் சோன், கொரியாவிலிருந்து நியூயோர்க்கில் குடியேறி மளிகைக்கடை நடத்திய பெற்றோரின் மகன். பிறந்த மண்ணைவிட்டு வந்து, அந்நிய நகரொன்றில் கடை வைத்துப் பிள்ளையை வளர்க்கும் ஒரு தந்தையையும், அவரது தியாகத்துக்கு ஈடுசெய்ய முடியாமல் தவிக்கும் மகளையும் பற்றிய கதை அது. கடல்கடந்து சென்ற உறவொன்றில்லாத வீடுகள் அரிதாகிவிட்ட எமது சமூகங்களுக்கு அந்தத் தவிப்பை விளக்கவேண்டியதில்லை. படம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே சோன் தமது பெற்றோர் இருவரையும் இழந்தார்.

சுமார் 200 மில்லியன் டொலர் செலவிலான அப்படம் முதல் வார இறுதியில் ஈட்டியது 29.6 மில்லியன் டொலர் மாத்திரமே. பிக்ஸார் நிறுவனத்தின் வரலாற்றில் மிக மோசமான ஆரம்பங்களில் ஒன்று என எழுதப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் 'சோல்', 'லூகா', 'டேர்னிங் ரெட்' ஆகிய மூன்று படங்கள் திரையரங்குக்கு வராமல் நேரடியாக இணையவழிச் சேவைக்குச் சென்றமையால், 'காத்திருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்' என்ற பழக்கம் குடும்பங்களிடையே ஏற்பட்டிருந்ததும் இதற்கு ஒரு காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது. ஆனால், பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். வாரந்தோறும் வீழ்ச்சி சிறிதாகவே இருந்தது. தென்கொரியாவில் மக்கள் திரண்டனர். முடிவில் வட அமெரிக்காவில் 154 மில்லியன், உலகளவில் 496 மில்லியன் டொலர் என அது நிமிர்ந்து நின்றது. ஆரம்பத் தொகையைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம்! திரையரங்கு வசூலிலேயே முதலைத் தாண்டிவிடும் என பிக்ஸார் தலைவர் ஜிம் மொரிஸ் கூறும் நிலை உருவானது.

எல்லாப் படங்களுக்கும் இந்தப் பேறு கிட்டுவதில்லை என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். 2025 ஜூன் 20ஆம் திகதி வெளியான பிக்ஸாரின் 'எலியோ' 20.8 மில்லியன் டொலருடன் தொடங்கியது. அந்நிறுவனத்தின் மிகக் குறைந்த ஆரம்பம் அதுவே. முதல்நாள் பார்வையாளரிடம் கருத்தறியும் சினிமாஸ்கோர் நிறுவனம் எலிமென்டலுக்கு வழங்கிய அதே 'ஏ' தரத்தையே இதற்கும் வழங்கியது. ஆயினும் வட அமெரிக்காவில் சுமார் 73 மில்லியன் டொலருடன் அது அடங்கிப்போனது. விந்தை யாதெனில், அதே தினத்தில் நெட்ஃபிளிக்ஸ் இணையவழிச் சேவையில் வெளியான 'கேபொப் டீமன் ஹண்டர்ஸ்' என்னும் அனிமேஷன் படம், ஆரம்ப வார இறுதி வசூல் என்ற ஒன்றே இல்லாமல், சில வாரங்களில் அச்சேவையில் மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட திரைப்படமாகியது.

வட அமெரிக்கக் கணக்கே உலகக் கணக்கு என்ற எண்ணமும் தகர்ந்துவிட்டது. 2025 ஜனவரியில், சீனப் புத்தாண்டு விடுமுறையில் வெளியான 'நே ஜா 2' உலகளவில் 2,000 மில்லியன் டொலரைத் தாண்டி, அனிமேஷன் படங்களுள் முதலிடம் பெற்றது. அதன் வசூலில் மிகப் பெரும்பகுதி சீனாவிலேயே கிடைத்தது.

இவையெல்லாம் வணிகர்களின் கவலை என ஒதுக்கிவிட முடியாது. இலக்கத்தின் பின்னால் மனிதர்களின் தொழில் இருக்கின்றது. 2024 மே மாதத்தில் பிக்ஸார் தனது ஊழியர்களில் சுமார் 14 சதவீதத்தினரை வேலையிலிருந்து நீக்கியது. அடுத்த மாதமே வெளியான 'இன்சைட் அவுட் 2' முதல் வார இறுதியில் 154 மில்லியன் டொலரை அள்ளியது. அந்த வெற்றி வந்தபோது நீக்கப்பட்டவர்கள் வெளியே நின்றனர். மேலும், தொடர்ச்சிப் படங்களின் ஆரம்பம் பெருவெள்ளமாகவும் புதுக்கதைகளின் ஆரம்பம் சிற்றோடையாகவும் அமையும்போது, முதலிடுவோர் புதுக்கதைகளைக் கைவிடத் தூண்டப்படுகின்றனர். அதன் விளைவை அனுபவிப்பவர்கள், தாம் ஏற்கெனவே அறிந்த பாத்திரங்களையே மீண்டும் மீண்டும் பார்க்க நேரும் சிறுவர்கள்தாம்.

1999 ஓகஸ்ட்டில் 'த அயன் ஜயன்ட்' என்ற படம் வெளியானது. போருக்கென ஆக்கப்பட்ட இரும்பு மனிதன் ஒருவன், தான் ஆயுதமாக இருக்கப்போவதில்லை எனத் தீர்மானிக்கும் கதை. முதல் வார இறுதியில் அது 5.7 மில்லியன் டொலரையே ஈட்டியது. தோல்விப் படம் என்ற முத்திரையும் குத்தப்பட்டது. பின்னர் தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குள் நுழைந்து, ஒரு தலைமுறையின் நெஞ்சில் அது இடம்பிடித்தது. அதன் இயக்குநர் பிரட் பேர்ட். 182.7 மில்லியன் டொலருடன் வட அமெரிக்காவில் ஆரம்ப வசூல் சாதனை படைத்த 'இன்கிரெடிபிள்ஸ் 2' படத்தையும் இயக்கியவர் அவரே. அந்த முதல் மூன்று நாட்களை வைத்து அவரது ஆற்றலை அளந்தவர்கள் தவறாகவே அளந்தனர்.

ஆரம்ப வசூல் என்பது விளம்பரத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் கிடைத்த மதிப்பெண். படத்துக்கான மதிப்பெண்ணை இரண்டாம், மூன்றாம் வாரங்களில் மக்கள் வழங்குகின்றனர். சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்தும் வழங்குகின்றனர். அடுத்த முறை பிள்ளைகளுக்கான ஒரு படம் 'தோல்வியடைந்தது' என்ற செய்தியை வாசிக்கும் பெற்றோர், ஒரு வாரம் பொறுத்து, அதனைப் பார்த்த மற்றொரு பெற்றோரிடம் விசாரிப்பார்களாயின் அதுவே மிக நம்பகமான அளவுகோலாக அமையும்.