உஷார்! கப்பல் கம்பெனி காட்டும் ஊர்ப் பட்டியலை நம்பி, விசா பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, கோடையில் அப்பா அம்மாவை வரவழைத்து அலாஸ்கா கப்பலில் ஏற்றப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சியாட்டிலில் ஏறி, ஜூனோ, கெட்சிக்கன், ஸ்காக்வே பார்த்துவிட்டு சியாட்டிலிலேயே இறங்கும் ஏழு நாள் பயணம். எல்லாமே அமெரிக்க ஊர்கள்தானே, இருக்கிற அமெரிக்க விசா போதும் என்றுதான் தோன்றும். பயணத் திட்டத்தின் கடைசி மாலையைப் பாருங்கள். 'விக்டோரியா' என்று இருக்கும். அது கனடா! கப்பல் பெரும்பாலும் சாயங்காலம் போய், சில மணி நேரம் நின்று, ராத்திரியே கிளம்பிவிடும். அதற்கும் கனடா விசா கேட்பார்கள். "நாங்கள் இறங்கவே மாட்டோம், கேபினிலேயே இருந்துகொள்கிறோம்" என்று கெஞ்சினாலும் எடுபடாது. சியாட்டில் துறைமுக கவுன்ட்டரிலேயே பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டிய பணம் போனது போனதுதான்.

இருட்டும் நேரத்தில் எதற்கு அங்கே போகிறார்கள்? சுற்றிக் காட்டவா? இல்லை. 1886-ல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம். வெளிநாட்டில் பதிவான கப்பல் இப்படிச் சுற்றி வந்தால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட்டாக வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. கொரோனா காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியதும் அலாஸ்கா சீசனே படுத்துவிட்டது. 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிக விலக்குச் சட்டம் போட்ட பிறகுதான் கப்பல்கள் கிளம்பின.

சட்டம் அப்படி என்றால், எந்தக் கப்பல் எந்தக் கடலுக்கு என்பது முழுக்கக் கணக்குப்பிள்ளை வேலை. கோடையில் அலாஸ்கா, மத்தியதரைக்கடல், குளிர்காலத்தில் கரீபியன். ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு முன்பே முடிவு செய்து டிக்கெட் விற்க ஆரம்பித்துவிடுவார்கள். எரிபொருள் எவ்வளவு, துறைமுகக் கட்டணம் எவ்வளவு, ஒரு பயணி உள்ளே எவ்வளவு செலவழிப்பார் என்று பார்ப்பார்கள். பஹாமாஸில் ராயல் கரீபியனுக்கு கோகோகே என்ற தனித் தீவு இருக்கிறது. கார்னிவல் 2025 ஜூலையில் செலிப்ரேஷன் கீ என்று சொந்த இடமே திறந்துவிட்டது. ஃபுளோரிடாவுக்குப் பக்கம், எரிபொருள் மிச்சம், நீங்கள் வாங்கும் ஜூஸ் காசும் அவர்களுக்கே. கப்பல்கள் ஏன் அந்தப் பக்கமே திரும்புகின்றன என்று இனி கேட்க மாட்டீர்கள்!

டிக்கெட் விற்ற பிறகு உலகம் சும்மா இருக்குமா? 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் பால்டிக் பயணங்களிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் காணாமல் போனது. 2021 ஆகஸ்ட்டில் இத்தாலி அரசு பெரிய கப்பல்களை வெனிஸ் ஊருக்குள் வராமல் தடுத்தது. செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும் 2024-ல் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அவ்வளவு தூரம் எதற்கு? 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியா கப்பலுக்கு, உள்ளே சூதாட்டம் இருக்கிறது என்று புதுச்சேரி அனுமதி மறுத்தது.

இதற்கெல்லாம் நஷ்டஈடு கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள். ஊரை மாற்றவும், விடவும் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று அதில் எழுதியிருக்கும். விட்ட ஊருக்கான துறைமுகக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் திரும்பி வரும். நீங்களே வெளியில் பேசி வைத்த கார், கைடு பணத்துக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

ஐரோப்பா போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. ஏதென்ஸில் ஏறி, துருக்கியின் குஷாதாசி போய், மறுபடி கிரேக்கத் தீவுக்கு வரும் வழித்தடம் நிறைய உண்டு. துருக்கியில் கால் வைத்தால், ஒரே விசாவில் சுற்றும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள் என்று கணக்கு. ஒருமுறை நுழைவு விசா அத்தோடு முடிந்தது. பலமுறை நுழைவு விசாவே கேட்டு வாங்குங்கள்.

கடைசித் தவணை பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே கட்ட வேண்டியிருக்கும். அதன்பின் ரத்து செய்தால், நாள் நெருங்க நெருங்க அதிகப் பணம் போய்விடும். கனடா விசாவுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே திட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு ஊரும் எந்த நாடு என்று முதலில் பாருங்கள். அத்தனை விசாவும் பெற்றோர் பாஸ்போர்ட்டில் ஏறிய பிறகு அந்தக் கடைசித் தவணையைக் கட்டுங்கள்.