லண்டன் நாடக வீதியின் பழைய பப்: கதவைத் திறந்தால் என்ன இருக்கும்?

'பப்' என்றதும் நம் ஊர் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது இருட்டு, டிஜே, காதைப் பிளக்கும் பாட்டு, வாசலில் நிற்கும் பவுன்சர். லண்டனில் அதே சொல்லுக்கு அர்த்தமே வேறு. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் பப். எல்லாருக்குமான வீடு என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான பப்புகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது, டிரஸ் கோட் கிடையாது. பகலிலேயே திறந்திருக்கும். பேப்பர் படித்துக்கொண்டு ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பார். பக்கத்து மேஜையில் ஆபீஸ் கும்பல் சிரித்துக்கொண்டிருக்கும்.

வேலைக்கோ படிப்புக்கோ லண்டன் போகிற இளைஞர்கள், ஒரு நாடகமாவது பார்த்துவிடலாம் என்று வெஸ்ட் எண்ட் பக்கம் போவது வழக்கம். அங்கே தியேட்டர்களுக்கு நடுவே நிற்கும் பழைய பப்புகளைப் பார்த்து, 'உள்ளே போகலாமா, போனால் என்ன செய்வது' என்று தயங்குபவர்களும் உண்டு. அவர்களுக்காக ஒரு விளக்கம்.

எங்கே இருக்கிறது?

லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் என்று ஒரு தெரு. 1904ல் திறக்கப்பட்ட கொலீசியம் இந்தத் தெருவில்தான் இருக்கிறது. 1892ல் திறந்த டியூக் ஆஃப் யார்க்ஸ், 1903ல் திறந்த நோயல் கவர்ட் தியேட்டர்களும் இங்கேதான். நோயல் கவர்ட் தியேட்டரை ஒட்டிய சந்து முனையில் நிற்கிறது 'தி சாலிஸ்பரி' பப்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான கட்டடம் இது. அதற்கு முன் அதே இடத்தில் இருந்த பப், பென் கான்ட் என்ற குத்துச்சண்டை வீரரின் பெயரால் அறியப்பட்டது. இப்போதைய பெயர், மூன்று முறை பிரிட்டன் பிரதமராக இருந்த சாலிஸ்பரி பிரபுவுடையது. சுற்றுவட்டாரத்தில் அவர் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. சந்தின் மறுபக்கம் இருக்கும் விண்டம்ஸ் தியேட்டர் 1899ல் எழுந்ததும் அவர் நிலத்தில்தான். பப்பும் தியேட்டரும் ஒரே மண்ணில், ஏறக்குறைய ஒரே காலத்தில் முளைத்தவை.

உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடி. பூவேலை செதுக்கிய கண்ணாடிச் சன்னல்கள், சுவர் முழுக்க ஆடிகள், பளபளக்கும் மரவேலை, பூங்கொடி ஏந்திய பெண் உருவங்களாக வார்த்த வெண்கல விளக்குகள். சின்ன இடத்தைப் பெரிதாகவும் ஜொலிப்பாகவும் காட்ட விக்டோரியா காலத்து பப் முதலாளிகள் கையாண்ட உத்தி இது. அதே காலத்துத் தியேட்டர்களும் இதே ஜொலிப்பை நம்பித்தான் கூட்டம் சேர்த்தன.

நாடகமும் பப்பும் எப்படிச் சேர்ந்தன?

இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, ஒரே வீட்டில் பிறந்தவை. 16ஆம் நூற்றாண்டில் லண்டன் நாடகக் குழுக்கள் பல, சத்திரங்களின் முற்றத்தில்தான் மேடை போட்டன. நடுவில் மேடை, சுற்றிலும் மாடத்தில் பார்வையாளர்கள், கையில் ஏல் குவளை. 1576ல் ஜேம்ஸ் பர்பேஜ் ஷோர்டிச்சில் நாடகத்துக்கென்றே தனிக் கட்டடம் எழுப்பிய பிறகும் சத்திர நாடகங்கள் சில காலம் தொடர்ந்தன.

பிரித்து வைத்தது சட்டம். 1660களில் மன்னர் இரண்டாம் சார்லஸ், வசன நாடகம் போடும் உரிமையை லண்டனில் இரண்டே குழுக்களுக்குக் கொடுத்தார். இந்த ஏகபோகத்தை 1843ல் வந்த தியேட்டர் சட்டம் உடைத்தது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை: நாடகம் வேண்டுமா, அரங்குக்குள் குடிக்கவும் புகைக்கவும் அனுமதி வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாட்டும் கூத்துமாக இருந்த பப்புகள் பல, இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தன. அப்படி வளர்ந்ததுதான் 'மியூசிக் ஹால்'. சார்லஸ் மார்ட்டன் என்ற பப் முதலாளி 1852ல் லாம்பெத்தில் தன் கேன்டர்பரி பப்பை ஒட்டிக் கட்டிய ஹால் இதில் பேர்போனது. அந்த வழியில் வந்த பெரிய 'வெரைட்டி' அரங்கம்தான் சாலிஸ்பரி இருக்கும் தெருவில் உள்ள கொலீசியம். வசன நாடகம் பக்கம் போன தியேட்டர்கள், குடிக்கிற கூட்டத்தைத் தெருவுக்கு அனுப்பின. தெருமுனை பப் அவர்களைப் பிடித்துக்கொண்டது.

பிறகு 1970ல் இஸ்லிங்டன் பகுதியில் கிங்ஸ் ஹெட் என்ற பப்பின் பின்னறையில் டேன் கிராஃபோர்ட் ஒரு சிறு நாடக அரங்கைத் தொடங்கினார். பிரிந்த குடும்பம் மறுபடி சேர்ந்த மாதிரி. இன்று லண்டனில் 'பப் தியேட்டர்' என்பது தனி வகையாகவே ஆகிவிட்டது.

பழைய பப்பில் எதற்கு இத்தனை கதவு?

பழைய பப்புகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் இருப்பதைக் கவனிக்கலாம். காரணம் அழகு இல்லை, அந்தஸ்து. விக்டோரியா காலத்தில் உள்ளே மரத்தடுப்பு வைத்துப் பிரித்திருந்தார்கள். கூலித் தொழிலாளிக்குப் 'பப்ளிக் பார்', அங்கே விலை குறைவு. கொஞ்சம் வசதியானவருக்கு 'சலூன் பார்', அங்கே மெத்தை இருக்கை. யார் கண்ணிலும் படாமல் குடிக்க நினைப்பவருக்கு 'ஸ்னக்' என்ற சின்ன அறை.

தியேட்டரிலும் இதே கதைதான். பணக்காரர்கள் முன்வாசல் வழியாகப் போவார்கள். மலிவு டிக்கெட்காரர்கள் பக்கவாட்டுச் சந்தில் இருக்கும் தனிப் படிக்கட்டு வழியாக மேல் மாடத்துக்கு ஏறுவார்கள். இன்று பெரும்பாலான பப்புகளில் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரே கூடம், ஒரே விலை. மேனேஜரும் மேடைக்குப் பின்னால் விளக்குத் தூக்குபவரும் ஒரே கவுண்டரில் தோள் இடித்துக்கொண்டு நிற்கலாம். 'எல்லாருக்குமான வீடு' என்ற பெயர் நிஜமாக இவ்வளவு காலம் பிடித்தது.

உள்ளே போனதும் என்ன செய்ய வேண்டும்?

முதல் தடவை போகிறவர்கள் செய்யும் தப்பு, மேஜையில் உட்கார்ந்து சர்வருக்காகக் காத்திருப்பது. உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான், யாரும் வரமாட்டார்கள். நேராகக் கவுண்டருக்குப் போய் ஆர்டர் சொல்லி, காசு கொடுத்து, கிளாஸை நாமே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

கவுண்டரில் வரிசை இருப்பதாகத் தெரியாது. ஆனால் இருக்கிறது. யார் முதலில் வந்தார்கள் என்று நிற்பவர்களுக்கும் தெரியும், ஊற்றுபவருக்கும் தெரியும். கைதட்டுவது, விரல் சொடுக்குவது, நோட்டை ஆட்டுவது எல்லாம் கூடாது. கண்ணைப் பார்த்தால் போதும். நமக்கு முன்னால் வந்தவரைக் காட்டி 'அவருக்கு முதல்ல குடுங்க' என்று சொன்னால் மரியாதை கூடும்.

நண்பர்களோடு போனால் 'ரவுண்டு' முறை. ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த முறை அடுத்தவர். தன் முறை வரும்போது நைசாக நழுவுகிறவரை ஊர் மறக்காது. டிப்ஸ் கட்டாயம் இல்லை.

அளவில் ஏமாற்ற முடியாது. ஒரு பைன்ட் என்பது 568 மில்லி, அதில் பாதி ஹாஃப். பீர் விற்கும் அளவுகளைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. உயரமான கைப்பிடியை இழுத்து ஊற்றுவது 'காஸ்க் ஏல்'. பீப்பாயிலேயே கடைசி நொதிப்பு நடப்பதால் கேஸ் குறைவு. நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வரை வைத்திருப்பார்கள். 'என்னடா இது, ஜில்லுனே இல்ல' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது அப்படித்தான் இருக்கும். பெரிய கம்பெனிகளின் ஒரே மாதிரி பீர் இந்த ஏலை விழுங்கிவிடும் என்ற பயத்தில், அதைக் காப்பாற்ற 1971ல் நுகர்வோர் இயக்கமே தொடங்கினார்கள்.

குடிக்காதவர் போகலாமா?

தாராளமாக. ஆரஞ்சு ஜூஸ், லைம் சோடா, ஜிஞ்சர் பீர், ஆல்கஹால் இல்லாத பீர் என்று எதை வாங்கினாலும் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். மது விற்கும் உரிமம் உள்ள கடையில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டம். மது வாங்கக் குறைந்தபட்ச வயது 18. ஆனால் பல இடங்களில் 25 வயதுக்குக் கீழே தெரிந்தாலே அடையாள அட்டை கேட்பார்கள் என்பதால் அதைக் கையில் வைத்திருப்பது நல்லது.

போனையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சோஹோவில் டீன் தெருவில் இருக்கும் 'பிரெஞ்சு ஹவுஸ்' பப்பில் பாட்டு கிடையாது, டிவி கிடையாது, செல்போனும் கூடாது. பீர் வழக்கமாக ஹாஃப் அளவில்தான். பேச்சு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும்.

எந்த நேரத்தில் போகலாம்?

மாலைக் காட்சிகள் பெரும்பாலும் 7.30க்குத் தொடங்கும். அதனால் 6 மணியிலிருந்து 7.15 வரை செம கூட்டம், பாதிப் பேர் கிளாஸோடு நடைபாதையில் நிற்பார்கள். 7.30க்கு மேல் பப் சட்டென்று காலியாகும். நிதானமாகச் சுவரையும் சன்னலையும் ரசிக்க அதுதான் நேரம். 10 மணி வாக்கில் நாடகம் முடிந்ததும் அடுத்த அலை. சில சமயம் ஒப்பனையைக் கலைத்துவிட்டு வந்த நடிகரும் அதில் இருப்பார். 'லாஸ்ட் ஆர்டர்ஸ்' மணி அடித்தால் கடைசி கிளாஸ் வாங்கிக்கொள்ளலாம். பிறகு வாங்க முடியாது.

வெறும் குடிக்கிற இடம்தானா?

ஆண்களுக்கிடையிலான தன்பால் உறவு இங்கிலாந்தில் குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. மாட்டினால் சிறை, மாட்டாதவருக்கு மிரட்டிப் பணம் பறிப்பவர்கள் தொல்லை. அந்தக் காலத்தில் நாடகக்காரர்கள் கூடிய சாலிஸ்பரி, இப்படிப்பட்ட ஆண்கள் ஓரளவு பயமில்லாமல் சந்தித்துக்கொண்ட இடங்களில் ஒன்று. 1961ல் டர்க் போகார்ட் நடித்து வெளியான 'விக்டிம்' படம் இந்த மிரட்டல் கும்பலைப் பற்றியது. அதன் காட்சிகளை இந்தப் பப்பிலேயே எடுத்தார்கள். 1967ல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் மாறியது. வீட்டிலும் வேலையிலும் ஒளிந்து வாழ்ந்தவர்களுக்கு இந்த 'எல்லாருக்குமான வீடு' எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இப்போது என்ன ஆபத்து?

2020 மார்ச் 16 அன்று வெஸ்ட் எண்ட் தியேட்டர்கள் மூடின. நாலு நாளில் பப்புகளும் மூடின. 1952 முதல் ஓடிய 'தி மவுஸ்டிராப்' நாடகமே நின்றது. இடையில் திறந்தும் மூடியும் தடுமாறிய தியேட்டர்கள், முழு இருக்கைகளையும் நிரப்ப அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில்தான். நாடகக் கூட்டத்தை நம்பிய பப்புக்கு ஊர் திறந்தாலும் திரை எழும்பாதவரை வியாபாரம் கிடையாது என்பது அப்போது எல்லாருக்கும் புரிந்தது.

இன்னொரு ஆபத்து ரியல் எஸ்டேட். நகரின் நடுவில் இருக்கும் பப்பை இடித்து அடுக்குமாடி கட்டினால் லாபம் பல மடங்கு. சாலிஸ்பரி போன்ற கட்டடங்கள் 'கிரேடு 2' பாரம்பரியப் பட்டியலில் இருப்பதால் அனுமதியில்லாமல் கண்ணாடியைக்கூட மாற்ற முடியாது. பட்டியலில் இல்லாதவற்றின் கதி? மைடா வேல் பகுதியில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பை 2015ல் அனுமதி வாங்காமலே இடித்துத் தள்ளினார்கள். அக்கம்பக்கத்தினர் விடவில்லை. முன்பு இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2021ல் அதே பப் மறுபடி திறந்தது. 2017 முதல் இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு கடையாக மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயம்.

ஆனால் சட்டம் காப்பாற்றுவது செங்கல்லையும் கண்ணாடியையும்தான். கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரின் சம்பளத்தையும், வாடகையையும், கரண்ட் பில்லையும் அது கட்டாது. அதைக் கட்டுவது நாடகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கதவைத் திறந்து உள்ளே வருகிறவர்கள்தான், கையில் இருப்பது பைன்ட் ஆனாலும் சரி, வெறும் லைம் சோடா ஆனாலும் சரி.