எருமைக்குள் ஒரு பட்டறை

நன்றாக வளரும் முர்ரா எருமைக் கிடேரி நாளொன்றுக்கு அரைக் கிலோ எடை கூடும். அந்த அரைக் கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் கொழுப்பு, கொஞ்சம் எலும்புச் சத்து. புரதம் என்று பார்த்தால் 100 கிராமுக்கும் குறைவுதான். ஆனால் 100 கிலோ எடையுள்ள அந்தக் கன்றுக்கு அன்றைய தீவனத்தில் 350 முதல் 400 கிராம் வரை புரதம் இருந்தாக வேண்டும். மீதி எல்லாம் எங்கே போகிறது?

ஒரு பாதி விடை எளிது. கன்று வளராமல் சும்மா நின்றாலும் குடலின் உட்தோல் உதிர்ந்து புதிதாக முளைக்க வேண்டும். முடி, குளம்பு, தோல், செரிமான நீர்கள் எல்லாமே புரதம் கேட்கும். உயிரைப் பிடித்து வைக்கிற இந்தச் செலவே 150 கிராமைத் தாண்டிவிடும். மிச்சத்தில் ஒரு பங்கு செரிக்காமல் சாணத்தோடும், ஒரு பங்கு யூரியாவாக மாறிச் சிறுநீரோடும் வெளியேறுகிறது. விஷயம் இதோடு முடிந்திருந்தால் எருமைத் தீவனம் வெறும் வரவு செலவுக் கணக்காகப் போயிருக்கும். முடியவில்லை. கன்று தின்ற புரதம் வேறு, அதன் உடம்புக்குள் போய்ச் சேரும் புரதம் பெரும்பாலும் வேறு.

எருமைக்கு நான்கு அறை வயிறு. முதல் அறையான பெருவயிறு, வளர்ந்த மாட்டில் நூறு லிட்டர் அளவுக்குக்கூடக் கொள்ளும். காற்றில்லாத, வெதுவெதுப்பான அந்த இருட்டில் ஒரு மில்லிலிட்டர் நீருக்கு ஆயிரம் கோடி என்ற கணக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. கூடவே புரோட்டோசோவாக்களும் பூஞ்சைகளும். நாம் ஊறவைத்துக் கொடுத்த கடலைப் புண்ணாக்கு முதலில் இவற்றின் கையில்தான் சிக்குகிறது. அதிலுள்ள புரதத்தை அமினோ அமிலங்களாக வெட்டி, அதையும் உடைத்து அம்மோனியாவாக்கிவிடுகின்றன. பிறகு அந்த அம்மோனியாவை எடுத்தே தங்கள் உடம்பைக் கட்டிக்கொண்டு பெருகுகின்றன. அரைபட்ட தீவனத்தோடு சேர்ந்து இவை அடுத்தடுத்த அறைகளுக்கு அடித்துச் செல்லப்பட்டு நான்காம் வயிற்றில் விழுகின்றன. அங்கே அமிலம் காத்திருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற நொதியும் காத்திருக்கிறது. நம் கண்ணீரிலும் எச்சிலிலும் கிருமிக் காவலுக்காகச் சுரக்கும் அதே குடும்பத்துச் சரக்கு, அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் செரிமான வேலைக்கு மாறியிருக்கிறது. இலை தின்னும் லங்கூர் குரங்குகளும் பரிணாமத்தில் தனி வழியில் வந்து இதே ஏற்பாட்டைப் பிடித்திருக்கின்றன. புல் தின்னி என்று நாம் நினைக்கும் எருமை, தனக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பங்கை நுண்ணுயிரிகளைச் செரித்துத்தான் பெறுகிறது.

பொற்கொல்லர் பட்டறையில் நடப்பதுதான் இது. நீங்கள் கொண்டுபோவது வேலைப்பாடு மிகுந்த பழைய ஆரமாக இருக்கலாம், வெறும் உடைந்த தோடாக இருக்கலாம். அவர் இரண்டையும் உருக்கித் தன் அச்சில் புதிதாக வார்ப்பார். செய்கூலியும் சேதாரமும் உண்டு. பெருவயிற்று நுண்ணுயிரிகளின் அச்சு அநேகமாக மாறாத ஒன்று. அவற்றின் உடம்பிலுள்ள அமினோ அமிலங்களின் கலவை எந்தத் தீவனம் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். லைசினும் அதில் தாராளம். அதனால் மட்டமான புரதம் தரம் உயர்ந்து வருகிறது. உயர்ந்த புரதமோ தரம் இறங்கி, சேதாரமும் போக வருகிறது. விலை உயர்ந்த புண்ணாக்கை அள்ளிப் போட்டும் கன்று எதிர்பார்த்தபடி தேறவில்லை என்றால் பெரும்பாலும் இந்தச் சேதாரம்தான் காரணம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தீவன மூட்டையில் 'கச்சாப் புரதம் 20 விழுக்காடு' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் புரதத்தை நேரடியாக அளந்து வந்ததல்ல. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோகான் கெல்டால், 1883இல் தானியத்திலுள்ள நைட்ரஜனை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால், கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம் என்று வைத்துக்கொள்கிறோம். இந்தக் கணக்குப்படி 46 விழுக்காடு நைட்ரஜன் உள்ள யூரியா உரத்தில் 287 விழுக்காடு புரதம் இருக்கிறது! நூற்றுக்கு 287. 2008இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் நைட்ரஜன் நிறைந்த மெலமைனைச் சேர்த்து விற்றவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். யூரியாவைப் புரதம் என்று மனிதர்களிடம் காட்டினால் அது கொடிய மோசடி. வளர்ந்த எருமையின் விஷயத்திலோ, ஓர் அளவுவரை, அது உண்மை!

நைட்ரஜன் எந்த வடிவில் வந்தாலும் நுண்ணுயிரிகள் அதைப் புரதமாக்கிவிடக்கூடும் என்று ஜெர்மானிய உடலியல் அறிஞர் நாதன் சுன்ட்ஸ் 1891இலேயே யூகித்தார். 1949இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூஸ்லியும் கூட்டாளிகளும் யூரியாவைத் தவிர வேறு நைட்ரஜனே இல்லாத தீவனத்தை ஆடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத பத்து அமினோ அமிலங்களும் அவற்றின் பெருவயிற்றில் உருவாகியிருந்தன. 1945இல் வேதியியல் நோபல் பெற்ற பின்லாந்துக்காரர் ஆர்த்துரி விர்த்தனென் இன்னும் துணிந்தார். ஸ்டார்ச், செல்லுலோஸ், சர்க்கரை, யூரியா, அம்மோனிய உப்பு என்று புரதமே இல்லாத சுத்திகரித்த தீவனத்தில் கறவைப் பசுக்களை வளர்த்தார். அவை பால் கொடுத்தன, கன்றும் ஈன்றன. சில பசுக்கள் ஓராண்டில் 4,000 கிலோ பால் வரை எட்டியதை 1966இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அசைபோடும் விலங்குகளின் ஊட்டச்சத்து வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் கன்றுக்கும் யூரியாவே போதுமே என்று தோன்றலாம். போதாது. நுண்ணுயிரிகள் பெருக அம்மோனியா மட்டும் பற்றாது, எரிசக்தியும் வேண்டும். செரிக்கக்கூடிய சத்து ஒரு கிலோ உள்ளே போனால் ஏறத்தாழ 130 கிராம் நுண்ணுயிரிப் புரதம் விளையும். தின்னும் அளவே குறைவாக உள்ள சிறு கன்றுக்கு, வேகமாகச் சதை போட இந்த விளைச்சல் மட்டும் கட்டாது. 300 கிலோ கிடேரிக்கு அதுவே பெரும்பாலும் போதும். அதனால்தான் கன்றுக் காலத்தில் நுண்ணுயிரிகளிடம் சிக்காமல் நழுவி நேராகக் குடலுக்குப் போகும் புரதம் தேவைப்படுகிறது. கடலைப் புண்ணாக்கும் கடுகுப் புண்ணாக்கும் பெருவயிற்றில் சீக்கிரம் கரைந்துவிடும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் தேங்காய்ப் புண்ணாக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரியம், புண்ணாக்கைப் பதப்படுத்தி இப்படி நழுவவிடும் 'பைபாஸ் புரதம்' முறையைப் பல ஆண்டுகளாகப் பரப்பி வருகிறது.

எருமையின் சாமர்த்தியம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பெருவயிற்றில் மிஞ்சும் அம்மோனியா இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய் யூரியாவாகிறது. நம் உடம்பில் அது பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். அசைபோடும் விலங்குகளில் அதில் பாதிக்கு மேல்கூட எச்சில் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் மறுபடி உள்ளே திரும்பும். தீவனத்தில் நைட்ரஜன் குறையக் குறைய இந்தத் திருப்பம் முக்கியமாகிறது. அதோடு, தாய்லாந்தின் கோன் கேன் பல்கலைக்கழகத்தில் மேத்தா வனபாட் குழுவினர் சேற்றெருமையையும் பசுவையும் ஒப்பிட்டபோது, எருமையின் பெருவயிற்றில் நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் அதிகமாகவும் புரோட்டோசோவா குறைவாகவும் இருந்தன. புரோட்டோசோவா பாக்டீரியாவைத் தின்று புரதத்தை உள்ளேயே சுற்றவிடும். ஆகவே அது குறைந்தால் மாட்டுக்கு லாபம்.

இந்தச் சாமர்த்தியத்தை நம்பித்தான் நெல் விளையும் ஆசியா முழுவதும் எருமைக்கு வைக்கோலைப் போட்டுக் கட்டிவைக்கிறார்கள். நெல் வைக்கோலில் கச்சாப் புரதம் 3 முதல் 4 விழுக்காடுதான். மொத்தத் தீவனத்தில் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நுண்ணுயிரிகளே பட்டினி கிடக்கும். நார் உடைவது தாமதமாகும், வயிறு காலியாகாது, கன்று தின்பதையே நிறுத்தும். முன்னால் வைக்கோல் குவிந்து கிடக்க, தின்னாமல் மெலியும் கன்றைப் பார்த்துச் சோம்பேறி எருமை என்று சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 100 கிலோ கன்று இரண்டு கிலோ வைக்கோல் தின்றால் கிடைப்பது 70 கிராம் புரதம். உயிரைப் பிடித்து வைக்கும் செலவில் பாதிகூட அது தேறாது.

வயது குறையக் குறைய நிலைமை இன்னும் கடுமை. பிறந்த கன்றுக்குப் பெருவயிறு வேலை செய்வதில்லை. பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு பள்ளம் மூடிக் குழாயாகி, பாலை நேராக நான்காம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். பட்டறை இல்லாத காலம் இது. நல்ல புரதம் நல்ல புரதமாகவே போய்ச் சேர வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சீம்பால் உள்ளே போயே ஆக வேண்டும். எருமையின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவுக்குக் கடப்பதில்லை. சீம்பாலிலுள்ள அந்தப் பெரிய மூலக்கூறுகளை முழுசாக உள்ளே விடும் குடலின் கதவும் ஒரு நாளுக்குள் மூடிவிடும். பிறகு மெல்ல மெல்லப் புல்லும் கலப்புத் தீவனமும் கடிக்கப் பழகி, மூன்று மாத வாக்கில்தான் பெருவயிறு உருப்படியாக இயங்கத் தொடங்கும்.

ஆகவே கன்றுத் தீவனத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் புரதம் கேட்கிறார்கள். 100 கிலோ எடையில் மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் 13, 14 விழுக்காடு போதும். 300 கிலோ ஆகும்போது 10, 11க்கு இறங்கிவிடும். கிராம் கணக்கு ஏறிக்கொண்டே போக, விழுக்காடு இறங்குகிறது. தின்னும் அளவு கூடுவதும், வயது ஏற ஏறச் சதையை விடக் கொழுப்பு அதிகமாகச் சேருவதும் காரணம். நம் தொழுவங்களில் வழக்கம் நேர் தலைகீழ். நல்ல புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கறவை எருமைக்கு. அது ஒதுக்கித் தள்ளிய வைக்கோல் கன்றுக்கு. கடாக் கன்றாகப் பிறந்துவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. பால் பணம் தருகிறது, கன்று தரவில்லை என்பது புரிகிறது. ஆனால் எருமை பருவத்துக்கு வருவது வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்து. வளர்ந்த எடையில் 55, 60 விழுக்காடு ஏறினால்தான் முதல் சினைப்பருவம் வரும். வைக்கோலில் வளர்ந்த கிடேரி முதல் கன்று ஈன நான்கு வயதைக் கடப்பது சாதாரணம். நன்றாகத் தீனி பெற்றது மூன்று வயதை ஒட்டியே ஈனும். அந்த ஓராண்டுப் பாலை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. 2012 கணக்கெடுப்பில் 7.8 லட்சமாக இருந்த தமிழக எருமைகள் 2019இல் 5.2 லட்சமாகக் குறைந்ததற்குக் காரணங்கள் பல. தாமதமாக ஈனும் மாடு கட்டுப்படியாகாது என்ற எண்ணமும் அவற்றில் ஒன்று என்பதே என் கருத்து.

கன்றுக்கு வேண்டிய புரதத்தைத் தரச் செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. 100 கிலோ கன்றுக்கு ஒரு கிலோ வைக்கோல் (35 கிராம் புரதம்), ஐந்து கிலோ பச்சைக் குதிரைமசால் (200 கிராம்), முக்கால் கிலோ கலப்புத் தீவனம் (150 கிராம்) சேர்த்தால் 385 கிராம் வந்துவிடும். குதிரைமசாலுக்குப் பதில் வேலிமசால், அகத்தி எதுவும் ஆகும். பசுந்தழையை வெறும் வயிற்றில் ஒரே அடியாகப் போட்டால் வயிறு உப்பிவிடும். வைக்கோலோடு கலந்தே போட வேண்டும்.

வைக்கோலையே தேற்றவும் வழி உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 40, 50 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி மூன்று வாரம் வைத்தால் புரதக் கணக்கு இருமடங்காகும், நாரும் இளகும். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு யூரியா எந்த வடிவிலும் வேண்டாம். பெரிய மாட்டுக்கும் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கவே கூடாது. அம்மோனியா ஒரேயடியாகப் பொங்கி இரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் மாடு செத்துவிடும்.

எடை மேடை இல்லாத வீட்டிலும் கன்றின் வளர்ச்சியை அளக்கலாம், தையல்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்முனை எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ எடை வரும். சுற்றளவு 42, நீளம் 38 என்றால் 102 கிலோ. மாதம் ஒரு முறை அளந்து தொழுவத்துச் சுவரில் எழுதிவையுங்கள். மாதத்துக்கு 15 கிலோ கூடவில்லை என்றால், மருத்துவரிடம் குடற்புழு மருந்து கேட்கும் அதே நாளில் கன்றின் தீவனத் தொட்டியில் என்ன விழுகிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள்.