ஆற்றங்கரை மரத்தை எப்படி எடுப்பது?

செங்குத்தான ஆற்றங்கரையில் நிற்கும் மரத்தை வெட்டிச் சாய்க்க அதிக நேரம் ஆகாது. சாய்ந்த மரத்தைச் சாலைவரை கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரும்பாடு. இரண்டடி விட்டமும் நாற்பதடி நீளமும் கொண்ட பச்சை மரத்துண்டு பொதுவாக இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும். அந்தச் சரிவில் டிராக்டர் இறங்காது. கீழே ஓடும் ஆறோ முழங்கால் ஆழம், மிதக்கவிடவும் வழியில்லை.

இந்தச் சிக்கலோடு நூறாண்டுக்கு மேல் மல்லுக்கட்டிய இடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். மரத்தை எந்த வழியாக வெளியே எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆறு பிழைப்பதும் சீரழிவதும் என்பதற்கு அங்கே நடந்தவையே சாட்சி.

செயற்கை வெள்ளம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓரிகனின் கடலோர மலைகளில் டக்ளஸ் ஃபர் மரங்களை வெட்டியவர்களுக்குச் சாலை வசதி கிடையாது. அதனால் ஓடைகளின் குறுக்கே மரத்தாலேயே அணை கட்டினார்கள். வெட்டிய மரங்களை அணைக்குள்ளும் கீழே இருந்த படுகையிலும் உருட்டிக் குவித்தார்கள். நீர் நிறைந்ததும் மதகைத் திறந்தார்கள். சில இடங்களில் அணையையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாய்ந்த வெள்ளம் மரங்களைக் கீழே இருந்த ஆலைகளை நோக்கி அடித்துச் சென்றது. கூஸ் ஆற்றுப் பகுதி உட்பட, மேற்கு ஓரிகனில் மட்டும் இத்தகைய அணைகள் 200க்கு மேல் இருந்தன. 1950கள் வரை இது நீடித்தது.

மரங்களோடு படுகையின் கூழாங்கற்களும் போய்விட்டன. கடலிலிருந்து திரும்பும் சால்மன் மீன்கள் முட்டையிடுவது அந்தக் கூழாங்கற்களுக்கு நடுவில்தான். பல ஓடைகளில் வெறும் பாறை மட்டுமே மிஞ்சியது.

இழுத்தால் என்ன கெடும்?

மலைச்சரிவில் மரத்தை இழுப்பதும் நழுவவிடுவதும் நமக்கும் பழக்கப்பட்டவையே. ஆனைமலைக் காடுகளில் யானைகள் மரங்களை இழுத்து வந்தன. டாப்ஸ்லிப்பில் அவற்றைச் சரிவில் நழுவவிட்டுச் சமவெளிக்கு இறக்கினார்கள்.

இரண்டு டன் மரம் மண்ணில் உரசிக்கொண்டு போகும்போது அதன் முனை நிலத்தைக் கீறிப் பள்ளமாக்குகிறது. அடுத்த மழையில் அந்தப் பள்ளமே வாய்க்காலாகி, மேல்மண்ணை ஆற்றுக்குக் கொண்டுபோகிறது. வண்டல் கூழாங்கற்களின் இடைவெளிகளை அடைத்துவிட்டால், அங்கே இருக்கும் மீன் முட்டைகளுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. கரையும் தளர்ந்து சரியத் தொடங்குகிறது.

எனவே வெட்டும்போதே வேலையைத் திட்டமிட வேண்டும். ஆற்றுப் பக்கம் சாய்ந்து நிற்கும் மரத்தில் முதலில் கம்பிவடம் கட்டி இழுத்துப் பிடித்து, ஆப்பு அடித்து, கரையின் மேற்பக்கமாக விழச் செய்வார்கள். அடிமரத்தைத் தோண்டி எடுப்பதில்லை. அதன் வேர்கள் இன்னும் சில ஆண்டுகளுக்கு மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் புதுச் செடிகள் வேர்விட்டுவிடும்.

தூக்கி எடுக்கும் முறை

100 மீட்டருக்கு 35 மீட்டர் உயரும் சரிவைத் தாண்டினால், மரம் இழுக்கும் வண்டிகளைப் பொதுவாக இறக்குவதில்லை. சரிவின் உச்சியில் ஓர் இரும்புக் கோபுரம் நிறுத்துவார்கள். அங்கிருந்து எதிர்க்கரை வரை தடித்த கம்பிவடம் கட்டி, அதன்மேல் உருளைகள் கொண்ட தூக்கியை ஓடவிடுவார்கள். மரத்தில் சுருக்கு மாட்டியதும் விஞ்ச் இயந்திரம் அதை மேலே இழுக்கும். மரத்தின் ஒரு முனை உயர்ந்திருந்தாலே மண் கீறப்படுவது வெகுவாகக் குறையும். ஆற்றைக் கடக்கும்போது முழு மரமும் அந்தரத்தில் தொங்க வேண்டும்.

கம்பிவடத்துக்கும் வழியில்லாத இடங்களில் ஹெலிகாப்டர் வரும். சினூக் வகை ஹெலிகாப்டர் 10 டன்னுக்கு மேல் தூக்கும். செலவு மிக அதிகம் என்பதால், வேறு எதுவும் முடியாதபோதுதான் அதைக் கூப்பிடுவார்கள்.

இந்த வேலையில் உயிரைக் காக்கும் விதிகள் சில உண்டு. மரத்துக்குக் கீழ்ச்சரிவில் யாரும் நிற்கக் கூடாது. இறுகிய வடம் வளைந்து போகும் இடத்தில் அந்த வளைவின் உட்பக்கம் நிற்கக் கூடாது. வடம் தெறித்தால் அந்தப் பக்கம்தான் பாயும். ஆற்றில் சிக்கி வளைந்து நிற்கும் மரத்தில் விசை அடங்கியிருக்கும். இழுபட்டு நிற்கும் பக்கத்தை முதலில் அறுத்தால் மரம் திடீரெனப் பிளந்து தாக்கும். அமுங்கி நிற்கும் பக்கத்தில் சிறிது வெட்டிய பிறகே மறுபக்கத்தை மெல்ல அறுக்க வேண்டும்.

ஆழமில்லாத ஆற்றில்

ஆழம் குறைவு என்பதால் இயந்திரத்தை நேராக ஆற்றில் இறக்கத் தோன்றும். அது படுகையை நசுக்கும். எண்ணெய்க் கசிவு நீரில் கலக்கும். நீண்ட கைகொண்ட இயந்திரத்தைக் கரையிலேயே நிறுத்தி மரத்தைத் தூக்குவதுதான் முறை. எட்டாவிட்டால் கம்பிவடம். காலமும் முக்கியம். ஓரிகனின் பல கடலோர ஓடைகளில் நீருக்குள் செய்யும் வேலைகளைக் கோடையில், நீர் வற்றியிருக்கும் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைக்குள் முடித்துவிடுகிறார்கள். அதன்பின் சால்மன் முட்டையிடும் பருவம்.

காடு வெட்டும் முறைகளை ஒழுங்குபடுத்த ஓரிகன் 1971இல் சட்டம் இயற்றியது. அமெரிக்க மாநிலங்களில் அத்தகைய விரிவான சட்டங்களுள் அதுவே முதலாவது.

எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா?

ஓரிகன் கற்ற பெரிய பாடம் இதுதான். அணைகளின் காலம் முடிந்த பிறகும், ஆற்றில் கிடக்கும் மரங்கள் மீன்களின் வழியை மறிக்கின்றன என்று நம்பி, அரசே முன்னின்று அவற்றை அப்புறப்படுத்தியது. நோக்கம் நல்லதுதான், விளைவோ நேர்மாறாக முடிந்தது. விழுந்து கிடக்கும் மரம் நீரின் வேகத்தைக் குறைக்கிறது, கூழாங்கற்களைத் தேக்குகிறது, அருகில் குழி பறித்து ஆழமான மடுவை உண்டாக்குகிறது. குளிர்கால வெள்ளத்தில் கோஹோ சால்மன் குஞ்சுகள் ஒதுங்குவது அங்கேதான். இதை ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, 1980களிலிருந்து மரங்களைத் திரும்ப ஆற்றில் போடும் பணி வலுப்பெற்றது. வெள்ளம் அடித்துப் போகாதிருக்க, ஆற்றின் அகலத்தைப்போல் இரு மடங்கு நீளமுள்ள மரங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேர்க்கட்டையோடு இருந்தால் ஒன்றரை மடங்கு போதும். மரத்தை வெளியே தூக்கும் அதே வகை ஹெலிகாப்டர்கள் இப்போது மரத்தை ஆற்றிலும் இறக்குகின்றன.

பாலத் தூண்களில் சிக்கி வெள்ளத்தைத் தேக்கும் மரத்தை எடுத்தே ஆக வேண்டும். குடியிருப்புகளுக்கு ஆபத்தானதையும் அப்படியே. மற்ற மரங்களைத் தொடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: இதை எடுத்தாக வேண்டுமா? மண்ணில் உரசாமல் எடுக்க முடியுமா? இது அதற்கு ஏற்ற மாதமா? இவற்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்ற பதில் வந்தாலும், அந்த மரத்தை அங்கேயே விட்டுவைப்பதுதான் ஆற்றுக்கு நாம் செய்யும் நன்மை.