மடிக்கணினி: இன்றா, நாளையா?

கணினி உலகில் ஆண்டுக்கொருமுறையேனும் ஒரு செய்தி பரவும். புதிய செயலி வருகின்றது. இப்பொழுது கடைகளில் உள்ளவை யாவும் பழையனவாகப் போகின்றன என்பதே அச்செய்தி. அதனைக் கேட்டவுடன், கடைக்குப் புறப்பட்ட கால் வாயிற்படியிலே தயங்கி நிற்கின்றது. மகளோ வரும் மாதம் பல்கலைக்கழகம் புகுகின்றாள். அவளுக்கு மடிக்கணினி இன்றியமையாதது. கையில் உள்ள பணமோ பல மாதச் சேமிப்பு. இன்று வாங்கினால் ஆறு மாதத்தில் அது மதிப்பிழந்துவிடுமோ? சற்றுப் பொறுத்தால் அதே பணத்துக்கு மேலானதொன்று கிடைக்குமோ? இவ்வினா எத்தனையோ இல்லங்களில் எழுவது. அயலாரும் உறவினரும் இதற்குக் கூறும் விடைகள் பெரும்பாலும் இரண்டே. 'பொறு' என்பார் சிலர். 'பொறுத்தால் என்றைக்குமே வாங்கமாட்டாய்' என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் ஒரு காலத்திற் சரியாகவும் மற்றொரு காலத்திற் பிழையாகவும் இருந்துள்ளன. எக்காலத்தில் எது சரி என்பதைப் பகுத்தறிவதற்கு என்ன வழி என்பதையே நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

காத்திருக்கும் வாடிக்கையாளர் ஒரு நிறுவனத்தையே வீழ்த்தக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது அடம் ஒஸ்போன் என்பாரின் வரலாறு. அவரைப் பற்றி நாம் அறிந்துகொள்வதற்குத் தனியானதொரு காரணமும் உண்டு. 1939ஆம் ஆண்டிலே பாங்கொக் நகரிற் பிறந்த இவர், இரமண மகரிஷியைப் பற்றி நூல்கள் எழுதிய ஆதர் ஒஸ்போனின் மைந்தர். இளமையைத் திருவண்ணாமலையிற் கழித்தவர். 1981இல் இவர் அமெரிக்காவிலே 'ஒஸ்போன் 1' என்னும் கணினியை வெளியிட்டார். தூக்கிச் செல்லத்தக்க கணினிகளுள் வணிக முறையில் வெற்றி கண்ட முதலாவது அதுவே எனலாம். அதன் நிறை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரை 5 அங்குலம். விலை 1795 டொலர். இன்றைய மடிக்கணினிக்கு அது பாட்டன் முறையாயினும், மடியில் வைத்தால் மடி தாங்காது. ஆயினும் விற்பனை பெருகிற்று. பின்னர் 1983இல், அடுத்து வரவிருந்த கருவியைப் பற்றிய பேச்சு, அது கடைக்கு வருமுன்னரே வெளியாயிற்று. வாங்க எண்ணியிருந்தோர் 'அதனையே வாங்குவோம்' என்று கையை மடக்கிக்கொண்டனர். பழையது தேங்கிற்று, பண வரவு சுருங்கிற்று, அவ்வாண்டு செப்டெம்பரில் நிறுவனம் முறிவுற்றது. போட்டியாளரின் மலிவான கருவிகளும் ஐ.பி.எம். நிறுவனத்தின் எழுச்சியுமே அவ்வீழ்ச்சிக்கு மெய்யான காரணங்கள் என வாதிடுவோரும் உளர். அவ்வாதத்திலும் வலு உண்டு. எனினும், வருவதை முன்கூட்டி அறிவித்து இருப்பதை விற்கமுடியாமற் போகும் நிலைக்கு 'ஒஸ்போன் விளைவு' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அவர் 2003இல் கொடைக்கானலிற் காலமானார்.

இந்த வரலாற்றை வணிகர் மறக்கவில்லை. ஆதலின், பெரும்பாலான நிறுவனங்கள் தம் புதிய கருவியை வெளியிடும் நாள்வரை வாய் திறப்பதில்லை. அவர்கள் மௌனம் காக்கும் இடத்தை வதந்தி நிரப்புகின்றது. 'அடுத்த மாதம் வருகின்றதாம்' என்று நம் செவிக்கு எட்டும் செய்தி, செய்தவர் வாயிலிருந்து வந்ததா, ஊர் வாயிலிருந்து வந்ததா என்று முதலிற் கேட்டல் வேண்டும்.

நிற்க, செயலி என்பது யாது? கணினியை ஓர் அலுவலகமாக எண்ணிப் பார்ப்போம். அங்கே எழுதுவினைஞர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அவரே செயலி. அவர் முன்னுள்ள மேசை நினைவகம். சுவரோரத்து அலுமாரி, கோப்புக்கள் கிடக்கும் சேமிப்பகம். எழுதுவினைஞர் எத்துணை விரைவானவராயினும் மேசை சிறிதாயிற் பயன் என்ன? ஒரு கோப்பை விரிப்பதற்கு மற்றொன்றை எடுத்து அலுமாரியில் வைக்கவேண்டும். பின்பு அதனை மீட்பதற்கு மறுபடியும் எழுந்து செல்லவேண்டும். பொழுது நடையிலேயே கழிந்துவிடும். கணினி மந்தமாக இருக்கின்றது என்று நாம் குறைகூறும் இடங்களிற் பலவற்றில், குறை எழுதுவினைஞரிடத்து இல்லை. மேசையிலும் அலுமாரியிலுமே உண்டு. சுழலும் வட்டினைக் கழற்றிவிட்டு, எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாச் சேமிப்பகத்தைப் பழைய கருவியிற் பொருத்தியோர் இதனை நன்கறிவர். செயலி மாறாமலே கருவி புத்துயிர் பெற்றுவிடுகின்றது. ஆகவே, புதிய செயலியுடன் 8 ஜி.பி. நினைவகம் கொண்ட கருவியைக் காட்டிலும், சென்ற ஆண்டுச் செயலியுடன் 16 ஜி.பி. நினைவகம் கொண்ட கருவியே ஒரு மாணவருக்கு நெடுநாள் உதவும் என்பது என் துணிபு.

'அங்ஙனமாயின் எல்லாரும் செயலியைப் பற்றியே பேசுவானேன்?' என நேயர்கள் வினவலாம். அது பழைய நாளின் எதிரொலி. கோர்டன் மூர் என்னும் அறிஞர் 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு சில்லில் அமையும் உறுப்புக்களின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்பது அவர் கணிப்பு. 1975இல் அதனை ஈராண்டுக்கொருமுறை எனத் திருத்தினார். 1971இல் வந்த இன்டெல் 4004 செயலியில் இருந்த திரான்சிஸ்டர்கள் 2300. 2020இல் வந்த அப்பிள் எம்1 சில்லில் 1600 கோடி. இத்தொகை ஏற ஏற வேகமும் உடன் ஏறிய காலம் ஒன்று இருந்தது. 1993இன் பென்டியம் செயலியின் துடிப்பு வினாடிக்கு 6 கோடி அளவில் தொடங்கிற்று. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பென்டியம் 4 செயலியில் அது 150 கோடியை எட்டிற்று. ஏழாண்டில் இருபத்தைந்து மடங்கு! அந்நாளில் ஓராண்டு பொறுத்தவர் உண்மையிலேயே பெரும் பயன் பெற்றார். ஆயின், 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெப்பம் குறுக்கிட்டது. துடிப்பை மேலும் கூட்டினாற் சில்லின் சூட்டைத் தணிக்க இயலாது என்னும் நிலை வந்தது. அதன் பின்னர் ஓர் எழுதுவினைஞரை விரைவுபடுத்துவதை விடுத்துப் பலரை ஒருங்கே அமர்த்தலாயினர். அதனாற் பயன் உண்டு. ஆனால், ஒருவரே முடிக்கவேண்டிய கடிதத்தை எட்டுப் பேர் சேர்ந்து எழுதினால் அது எட்டு மடங்கு விரைவில் முடிந்துவிடாது.

இன்று ஒரு தலைமுறைச் செயலி முந்தியதைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு விரைவானது என்று வைத்துக்கொள்வோம். நூறு நிமிடம் எடுத்த வேலை 87 நிமிடத்தில் முடியும். திரைப்படம் தொகுப்போருக்கும், பொறியியற் கணிப்புகளை மணிக்கணக்காக ஓட்டுவோருக்கும் இது பொருட்டாகும். கட்டுரை எழுதுவோருக்கும் விரிவுரை கேட்போருக்கும் இது புலப்படவே மாட்டாது. அவர்களுடைய செயலி நாளின் பெரும்பகுதி விரலசைவை எதிர்பார்த்துச் சும்மா இருக்கின்றது.

பெயர்களின் மயக்கம் வேறு உண்டு. புதிய எண் தாங்கிய சில்லெல்லாம் புதிய சில்லன்று. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7520யூ என்பது 2022இல் வெளிவந்தது. அதனுள் இருப்பதோ 2019இல் அறிமுகமான சென் 2 என்னும் அமைப்பு. அதன் உடன்பிறப்புப் போலத் தோன்றும் 7540யூ என்பதனுள் இருப்பது சென் 4. முதல் இலக்கம் ஒன்றே. உள்ளீடு இரு தலைமுறை வேறுபட்டது. இதனை அறியாது, புதிதென்று கருதி ஆறு மாதம் பொறுத்திருந்து பழையதை வாங்கினார் எனின், அவர் இழந்தது பணம் மட்டுமன்று.

இனி, காத்திருத்தலின் இரு முகங்களைக் காட்டும் இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவேன். இன்டெல் நிறுவனம் 14 நனோமீற்றர் என்னும் நுண்மையிலிருந்து 10 நனோமீற்றருக்கு மாற முயன்றுகொண்டிருந்தது. 2017இன் பிற்பகுதிக்கு அது தள்ளிப்போயிற்று என்று 2015 யூலையில் அறிவித்தது. 2018 ஏப்ரிலில், பெருந்தொகை உற்பத்தி 2019இலேதான் என்று மீண்டும் அறிவித்தது. 2019இலேயே அவ்வகைச் சில்லுகள் மடிக்கணினிகளிற் பரவலாக வந்தன. 2015இல் 'அதுவரை பொறுப்போம்' என்று நினைத்தவர் நான்காண்டு பொறுத்திருக்கவேண்டும். பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளை பட்டம் பெற்று வெளியேறும் காலம் அது.

மற்றையது அப்பிள் நிறுவனத்தின் செய்தி. 2020 மார்ச்சில் அது இன்டெல் செயலி பொருத்திய மெக்புக் எயர் ஒன்றை 999 டொலருக்கு வெளியிட்டது. யூன் 22இல், இன்டெலை விட்டுத் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறப்போவதாகவும், முதற் கருவி அவ்வாண்டு முடிவதற்குள் வரும் எனவும் வெளிப்படையாகக் கூறிற்று. நவம்பரில் எம்1 சில்லுடன் அதே பெயரில், அதே விலையிற் புதிய கருவி வந்தது. அதற்கு விசிறியே தேவைப்படவில்லை. மின்கலமும் பல மணிநேரம் கூடுதலாக உழைத்தது. அம்மட்டோ? 2025இல் வந்த மெக் இயங்குதளம், 2020இன் இன்டெல் மெக்புக் எயரை ஏற்கவில்லை; எம்1 கருவியை ஏற்றது. யூன் மாதத்திற்குப் பின் ஐந்து மாதம் பொறுத்தவர் பெற்ற பயன் சிறிதன்று.

இவ்விரண்டுக்கும் வேறுபாடு யாது? பின்னையதில் மாறியது அளவன்று, வகை. நாளைக் குறித்தவரும் செய்தவரே; அந்நாளும் அண்மையில் இருந்தது. இவை கூடி அமைந்தாற் பொறுத்தல் தகும். முன்னையதில் நாள் குறிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அது ஒருமுறை தவறி மீண்டும் குறிக்கப்பட்ட நாள். அத்தகைய நாளை நம்பி வேலையை நிறுத்திவைப்பது தகாது.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 'பொறுத்தால் மலிவாகும்' என்பது பொதுவாக மெய். நம் நாட்டவருக்கோ அது எப்பொழுதும் மெய்யன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. இறக்குமதிப் பொருளுக்குப் பொறுத்திருந்தவரின் சேமிப்பு, பெட்டியில் இருந்தவாறே ஏறத்தாழப் பாதியாய்க் குறுகிற்று. 2025இன் இறுதி மாதங்களிலே, செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியதையும் கண்டோம். ஆகவே பொறுப்பவர், செயலி மேம்படும் என்பதோடு, நாணயமும் சந்தையும் அசையா என்றும் பந்தயம் கட்டுகின்றார்.

மறுபுறத்தில், மலிவு என்பதற்காக மிகப் பழைய இருப்பை வாங்குதலும் ஆபத்தே. 2021 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளுள் 8ஆம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. 8ஆம் தலைமுறை வந்தது 2017இல். அதற்குப் பின்னரும் கடையில் தேங்கிய 7ஆம் தலைமுறைக் கருவியை வாங்கியவர், நான்காண்டுக்குள் கதவு அடைபடக் கண்டார். கருவியின் வேகம் குறையவில்லை, விதி மாறிற்று. விண்டோஸ் 10க்குரிய வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு நின்றது.

எனவே, உள்ள கருவி வேலையைச் செய்கின்றதாயின், அவசரம் இல்லை, பொறுக்கலாம். கருவி பழுதுற்றதாயின், அல்லது படிப்பு வரும் மாதம் தொடங்குவதாயின், இப்பொழுதே வாங்குக. 2 இலட்சம் ரூபாக் கருவி ஐந்தாண்டு உழைக்கும் எனின், ஆண்டுக்கு 40,000 ரூபா ஆகின்றது. பொறுக்கும் ஆறு மாதத்துப் பணம் கையிலேயே இருக்கின்றதே என்பீர்கள். இருக்கின்றது, ஆனால் அவ்வாறு மாதத்தில் எழுதப்படாத ஒப்படைகளைப் பின்பு எழுதவியலாது. புதிய வரிசை கடைக்கு வந்து, சென்ற ஆண்டு வரிசையின் விலை இறங்கும் வாரங்களே வாங்குவதற்கு மிக நல்ல வேளை. அவ்வேளை கிட்டினால் விடவேண்டாம்.

வாங்கத் துணிந்தபின் கடைக்காரரிடம் கேட்கவேண்டியது ஒன்றுண்டு: நினைவகம் பின்னர் கூட்டத்தக்கதா, பலகையோடு பற்றவைக்கப்பட்டதா? இக்காலத்து மெல்லிய கருவிகள் பலவற்றில் அது பற்றவைக்கப்பட்டே வருகின்றது. அவ்வாறாயின், மேசையின் அகலம் வாங்கும் அன்றே முடிவாகிவிடுகின்றது. பணம் குறைவாயின் செயலியில் ஒரு படி இறங்கி, நினைவகத்தில் ஒரு படி ஏறுக. கடையை விட்டுப் புறப்படுமுன் விசைப்பலகையில் ஒரு பக்கமேனும் தட்டிப் பார்ப்பதும், வெயில் படும் இடத்தில் திரையைப் பிடித்துப் பார்ப்பதும் நன்று.