உங்களுக்குத் தெரியுமா? கப்பலோட்டிய தமிழரின் பிள்ளைகள்
சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனார் 1908 மார்ச் 12 அன்று கைதானார். பிள்ளைகளுக்கு, வீட்டில் தகப்பன் இல்லாமலே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீல் சன்னது (தொழில் உரிமம்) பறிபோயிருந்தது. மனைவி, இரு சிறு மகன்களுடன் சென்னைக்குக் குடிபெயர்ந்து, மளிகையும் மண்ணெண்ணெயும் விற்றுக் குடும்பம் நடத்தினார். வடசென்னையின் பெரம்பூரிலும் சில காலம் வாசம். 10 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கப்பல் கம்பெனி தொடங்கியவரின் பிள்ளைகள் வளர்ந்தது கைமுடையில்தான். இது தமிழர் மறக்கக் கூடாத கொடுமை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்காகத் திரட்டிய 347 ரூபாய் 12 அணா, காந்தி வழியாக 1916இல்தான் கைக்கு வந்தது. பின்னாளில் சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்காகவே வ.உ.சி. தம் மகன் ஒருவருக்கு வாலேஸ்வரன் என்று பெயர் சூட்டினார்.